அம்மா ஐந்தடியைத் தாண்டிய ஹோட்டல்

போன மாதம் சித்தப்பா மகள் கல்யாணத்துக்காக அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போயிருந்தேன். சொந்தக்காரர்கள் வீடெல்லாம் ஆட்களால் நிறைந்துவிட்டது, அம்மாவுக்கு 77 வயது, தரையில் பாய் போட்டுப் படுக்க முடியாது, அதனால் கடைத்தெருவில் இருக்கிற அந்தப் பழைய ஹோட்டலில் இரண்டு இரவு தங்கினோம். நான்கு பழைய கடைவீடுகளை உள்ளே சுவர் திறந்து ஒன்றாக்கிய இடம். மலேசியாவில் வட பேராக்கில், ஒரு காலத்தில் நாலாப் பக்கமும் ரப்பர் பால்மரமும் இப்போது எண்ணெய்க்கான செம்பனையுமாக இருக்கிற தோட்டங்களுக்கு நடுவில் உள்ள ஊர். கடைத்தெரு என்று ஒன்றே ஒன்றுதான், அந்தப் பக்கத்து ஆட்கள் நாலு வரி படித்தால் எந்த இடம் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். பெயரை மட்டும் எழுதவில்லை. குறைகளும் சொல்லப் போகிறேன், அதையெல்லாம் ஹோட்டல் முதலாளியிடம் நேரிலேயே சொல்லியாயிற்று, திருத்த அவருக்குக் கொஞ்சம் காலம் கொடுக்கலாம்.

அறைகளைப் பற்றித் தெரிந்துகொள்ள வந்தவர்களுக்கு இரண்டே வரி. அறைகள் பழையபடியேதான் இருக்கின்றன: சுத்தமான மெத்தை, ஒழுங்காக ஓடுகிற ஏர்கோன், சுடுதண்ணீர், ஓர் இரவுக்கு 160 வெள்ளி (ரிங்கிட்). இந்த முறை புதுப்பித்தபோது அவர்கள் கைவைத்தது பொது இடங்களில் மட்டும். வரவேற்புக் கூடம், இரண்டு முற்றங்கள், சாப்பாட்டுக் கூடம், மாடிப்படி, வெளியே ஐந்தடி என்று சொல்கிற மேலே மூடிய நடைபாதை. நான் 22 வருடம் கட்டட வேலை மேற்பார்வையில் இருந்தவன், அதிலும் ஈப்போவிலும் பினாங்கிலும் பழைய கடைவீடுகளைத் திருத்துகிற வேலையை நிறையப் பார்த்தவன். எங்கே போனாலும் சுவரைத் தட்டிப் பார்க்காமல் இருக்க முடியாது, அதனால் இந்த விமர்சனம் கொஞ்சம் சுண்ணாம்பும் சிமெண்டுமாகத்தான் இருக்கும்.

ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு கருமாதிக்கு வந்தபோதும் இங்கேதான் தங்கினேன். அப்போது உள்ளே நுழைந்தால் ஓர் அலுமினியக் கவுண்டர், தலைக்கு மேலே வெள்ளை அட்டைக் கூரை, டியூப் லைட், தரையில் மரம் போல அச்சடித்த பிளாஸ்டிக் விரிப்பு. உட்கார ஒரு நாற்காலி கூடக் கிடையாது, சாவியை வாங்கிக்கொண்டு அறைக்குப் போய்விட வேண்டியதுதான். நூறு வருட வீட்டுக்குள் இருக்கிறோம் என்று தெரிய வேண்டுமானால் சடக்கைக் கடந்து எதிர்ப்பக்கம் நின்று மாடி முகப்பை அண்ணாந்து பார்க்க வேண்டும். ஒரு வீட்டின் நெற்றியில் 1926 என்று சுதையில் எழுதியிருக்கும். 1922-இல் ஸ்டீவன்சன் திட்டம் என்று கொண்டுவந்து ரப்பர் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தினார்கள், 1925-இல் விலை எங்கேயோ ஏறிப்போனது, தோட்டங்களைச் சுற்றியிருந்த கடைத்தெருக்களில் கைக்காசு புரண்டது. 1926 என்று எழுதிய அந்தச் சுவர் அந்தக் காசில் எழுந்ததுதான் என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். மரத்தில் பால் வெட்டியவர்களுக்கு அதில் என்ன வந்தது என்பது வேறு கதை, அதற்குப் பிறகு வருகிறேன்.

முதல் இரண்டு வீடும் ஒரு சீனத் தவுக்கேயின் (முதலாளியின்) சாமான் கடையும் துணிக்கடையும். மூன்றாவது செட்டியார் கிட்டங்கி. நான்காவது வீடு என் சின்ன வயதில் முடிவெட்டும் கடை, மாடியில் இரண்டு குடும்பங்கள் குடியிருந்தன. 1966-ஆம் வருட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்த காலம் வரைக்கும், 1948-க்கு முன்னால் கட்டிய இந்த மாதிரி வீடுகளில் இருந்தவர்களைச் சுலபமாக எழுப்ப முடியாது, வாடகையையும் ஏற்ற முடியாது. 1997-இல் அந்தச் சட்டத்தை ரத்து செய்தார்கள், இரண்டு வருட இடைவெளி முடிந்ததும் ஊர் ஊராகப் பழைய குடித்தனக்காரர்கள் வெளியே போனார்கள். முடிவெட்டுகிற அண்ணனும் போனார். காலியான வீட்டின் சன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்து, மாடியில் ஒரு சின்னப் பொந்து மட்டும் விட்டு, அதைப் பறவைக்கூட்டு வீடாக்கினார்கள். உழவாரக் குருவி வந்து கூடு கட்டினால் அந்தக் கூட்டை எடுத்துச் சாப்பாட்டுக்கு விற்கலாம்.

கட்டட வேலைக்காரனாகச் சொல்கிறேன், பழைய வீட்டுக்கு இதைவிடப் பெரிய கெடுதல் ஒன்றும் இல்லை. குருவி தங்குவதற்காக உள்ளே எப்போதும் ஈரமாகவும் இருட்டாகவும் வைத்திருப்பார்கள், தண்ணீரைப் புகையாக அடிக்கிற மிஷின் ஓடிக்கொண்டே இருக்கும், எச்சம் பலகையில் ஊறும், சுவர் ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். பினாங்கு ஜார்ஜ்டவுனை 2008-இல் உலகப் பாரம்பரிய நகரமாக அறிவித்த பிறகு அங்கே பாரம்பரிய வட்டாரத்துக்குள் இருந்த பறவைக்கூட்டு வீடுகளைப் படிப்படியாக மூடவைத்தார்கள், 2013 வரைக்கும் கெடு கொடுத்து. எங்கள் ஊர் மாதிரி இடங்களில் யார் கேட்பது? ஹோட்டல் முதலாளி அந்த நான்காவது வீட்டை விலைக்கு வாங்கிச் சன்னல்களைத் திறந்ததே ஒரு புண்ணியம் என்று நினைக்கிறேன்.

சரி, இப்போது உள்ளே போகலாம்.

வரவேற்புக் கூடத்தில் அட்டைக் கூரை போய்விட்டது. மேலே பழைய காட்டுமர உத்தரங்களும் மாடித் தரைப் பலகையின் அடிப்பக்கமும் அப்படியே தெரிகின்றன, வார்னிஷ் பளபளப்பு இல்லாமல் எண்ணெய் மட்டும் தேய்த்துவிட்டிருக்கிறார்கள். பிளாஸ்டிக் விரிப்பை உரித்தபோது அடியில் பூப்போட்ட சிமெண்டுத் தரைக்கல் கிடைத்திருக்கிறது, கறுப்பும் சிவப்பும் மங்கிய மஞ்சளும். உடைந்த இடங்களில் அதே மாதிரி புதுக்கல் வாங்கி ஒட்டாமல், வெறும் சாம்பல் நிறச் சிமெண்டுக் கல்லை வைத்திருக்கிறார்கள். எது பழசு எது புதுசு என்று பார்த்தவுடன் தெரிகிறது, எனக்கு அது ரொம்பப் பிடித்தது. பழசு மாதிரியே புதுசைச் செய்து வைத்தால் பத்து வருடம் கழித்து எது உண்மை என்று யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

சுவரைத் தட்டிப் பார்த்தேன். சுண்ணாம்பு! போன முறை அங்கே சிமெண்டுப் பூச்சு இருந்தது, மேலே எண்ணெய்ச் சாயம், கீழே மூன்றடி உயரத்துக்குக் கொப்பளித்து உப்புப் பூத்துக் கிடந்தது. இது ஏன் என்று பலருக்குத் தெரியாது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இந்தக் காலத்து வீடுகளில் அஸ்திவாரத்துக்கு மேலே ஈரம் ஏறாமல் தடுக்க ஒரு தடுப்பு போடுவோம். அந்தக் காலத்துச் செங்கல் சுவரில் அது பெரும்பாலும் கிடையாது, மண்ணில் இருக்கிற ஈரம் மெல்ல மெல்ல மேலே ஏறும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும், சுவர் நனையும், காயும், நனையும், காயும். அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும், உள்ளே உப்பு சேர்ந்து செங்கல்லையே மாவாக்கிவிடும். அப்புறம் ஒவ்வொரு தீபாவளிக்கும் சாயம் அடித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

முதலாளி நாற்பது வயது சீனர், அப்பா அதே தெருவில் சைக்கிள் கடை வைத்திருந்தவர், தமிழும் கொஞ்சம் பேசுவார். சிமெண்டை முழுவதும் கொத்தி எடுத்துவிட்டு எட்டு மாதம் சுவரைச் சும்மா காயவிட்டாராம். எட்டு மாதம் வருமானம் இல்லாமல் கதவை அடைத்து வைப்பது ஒரு சின்ன முதலாளிக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும், நான் பார்த்த எத்தனையோ இடங்களில் எட்டு வாரம் கூடப் பொறுக்க மாட்டார்கள். சுண்ணாம்பு இறுக வேண்டுமானால் காற்றில் இருக்கிற கரியமில வாயுவை மெதுவாக உறிஞ்சி மறுபடியும் கல்லாக மாற வேண்டும், அதற்கு நாள் ஆகும், அவசரப்படுத்தினால் வெடிக்கும். பினாங்கில் சியோங் ஃபாட் ட்சே மாளிகை என்று ஒரு நீல வீடு இருக்கிறதே, அதுவும் இப்போது ஹோட்டல்தான், அதைப் புதுப்பித்த வேலைக்கு 2000-இல் யுனெஸ்கோ விருது கொடுத்தார்கள். அந்த நீலம் கூடச் சுண்ணாம்பில் அவுரி கலந்து அடித்ததுதான். பணக்கார மாளிகைக்குச் செய்ததை ஒரு தோட்டத்து ஊர்க் கடைவீட்டுக்கும் செய்யலாம் என்று இவர் காட்டியிருக்கிறார்.

ஆனால் அதே ஆள் நான்காவது வீட்டில் ஏன் பொறுமை இழந்தார் என்று தெரியவில்லை. குருவி வீடாக இருந்த சுவர்தான் ரொம்ப நனைந்தது, அதற்குத்தான் அதிகக் காலம் வேண்டும். அங்கே பார்த்தால் இடுப்பு உயரத்துக்குப் பலகை அடித்து மறைத்திருக்கிறார்கள். பலகைக்குப் பின்னால் கைவைத்தால் சில்லென்று இருக்கிறது, மூக்கை வைத்தால் பூசணம். அந்தப் பக்கத்துச் சோபாவில் கால் மணி நேரம் உட்கார்ந்தவுடன் அம்மா இருமத் தொடங்கிவிட்டார். பலகையைப் பிடுங்கிவிட்டுச் சுவரை அசிங்கமாகவே ஒரு வருடம் விட்டு வையுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

முற்றங்களைப் பற்றி எழுதத்தான் இதையே ஆரம்பித்தேன். கடைவீடு என்பது முன்னால் பதினெட்டு இருபது அடி அகலம், உள்ளே நூறு அடிக்கு மேல் நீளம். இரண்டு பக்கமும் பொதுச்சுவர், சன்னல் வைக்க வழியில்லை. வெளிச்சமும் காற்றும் வருவதற்கு நடுவில் கூரையைத் திறந்துவிடுவார்கள். சூடான காற்று அந்த வழியாக மேலே போகும், முன்வாசலிலிருந்தும் பின்வாசலிலிருந்தும் புதுக்காற்று உள்ளே இழுபடும், மழை நேராக முற்றத்தில் விழுந்து பின்சந்துக் கால்வாய்க்கு ஓடும். மின்விசிறி இல்லாத காலத்தில் அவ்வளவு நீளமான வீட்டில் மனிதர்கள் வாழ்ந்தது இதனால்தான்.

இரண்டாவது வீட்டு முற்றத்தைத் திறந்தே விட்டிருக்கிறார்கள். நான்கு பக்கமும் மர நாற்காலி, நடுவில் ஒரு தொட்டியில் வெற்றிலைக் கொடி, மேலே வானம். முதல் நாள் சாயங்காலம் நாலு மணிக்கு வழக்கமான மழை பிடித்தது. நானும் அம்மாவும் அங்கே உட்கார்ந்திருந்தோம். ஓட்டிலிருந்து நாலு பக்கமும் தண்ணீர் திரை மாதிரி விழ, கூடமே ஐந்து நிமிடத்தில் குளிர்ந்துவிட்டது, ஏர்கோன் எதுவும் அந்தப் பக்கத்தில் இல்லை. அம்மா பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். தோட்டத்தில் நாங்கள் இருந்த லயத்து வீட்டுத் தகரத்தில் மழை விழுந்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது, இங்கே ஓட்டில் விழுகிற சத்தம் மெதுவாக இருக்கிறது என்றார்.

ஆனால் தண்ணீர் வடிகிற ஓட்டை சின்னது. பழைய கருங்கல் வடிகாலை எடுத்துவிட்டு ஒரு பிளாஸ்டிக் குழாயை வைத்திருக்கிறார்கள், அது தாங்கவில்லை, பத்து நிமிடத்தில் கணுக்கால் அளவு நின்று பூப்போட்ட கல்லின் மேல் வழிந்தது. அந்தக் கல் ஈரமானால் எண்ணெய் ஊற்றினது போல வழுக்கும். அம்மா எழுந்து இரண்டு அடி வைத்ததும் கைத்தடி சறுக்கிவிட்டது, பக்கத்தில் இருந்த ஹோட்டல் பையன் பாய்ந்து பிடித்ததால் தப்பித்தார். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது நிற்க அரை மணி நேரம் ஆயிற்று. மழை நாளில் விரிக்க ஒரு தேங்காய் நார் மிதியடியும் ஓரத்தில் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடியும் போதும், இருநூறு வெள்ளி கூட ஆகாது. வயதானவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் மழை நேரத்தில் அந்தக் கல்லில் கால் வைக்க விடாதீர்கள்.

நான்காவது வீட்டு முற்றத்தைக் கண்ணாடி போட்டு மூடி ஏர்கோன் வைத்திருக்கிறார்கள். படம் எடுக்க அழகாக இருக்கிறது, கல்யாண ஜோடிகள் வந்து எடுக்கிறார்கள். பகல் பன்னிரண்டு மணிக்கு அங்கே நின்று பாருங்கள், கண்ணாடி வழியாக வெயில் இறங்கி உள்ளேயே தங்கிவிடுகிறது, ஏர்கோன் மூச்சுமுட்டி ஓடுகிறது. அந்த நனைந்த சுவரின் ஈரம் போக இருந்த ஒரே வழியையும் அடைத்துவிட்டார்கள், பூசணத்துக்கு அதுவும் ஒரு காரணம். கண்ணாடியை எடுக்க மனம் வராவிட்டால் ஓரங்களில் ஓரடி உயர்த்திக் காற்று போக இடைவெளியாவது விட வேண்டும்.

நான்கு வீடும் நான்கு தடவையாகக் கட்டியது, அதனால் ஒரு வீட்டுத் தரைக்கும் அடுத்த வீட்டுத் தரைக்கும் நாலு அங்குலம் ஆறு அங்குலம் வித்தியாசம். முதல் வீட்டிலிருந்து இரண்டாவதுக்குச் சாய்வுப் பலகை வைத்திருக்கிறார்கள், ரொம்ப நல்லது. மற்ற இடத்தில் படி. கழிப்பறையோ நான்காவது வீட்டின் கடைசியில்! சக்கர நாற்காலியில் வருகிற ஒருவர் கூடத்தில் உட்கார்ந்து கோப்பி குடிக்கலாம், கழிப்பறைக்குப் போக முடியாது. பொது இடத்தைப் புதுப்பிக்கிறவர்கள் முதலில் வரைய வேண்டிய கோடு இதுதான், சோபா எங்கே என்பது அப்புறம்.

மூன்றாவது வீடு. கிட்டங்கி.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், கிட்டங்கி என்றால் செட்டியார்கள் வட்டித் தொழிலும் செய்து தங்கவும் செய்த வீடு. நீளமான ஒரே கூடம், இரண்டு ஓரத்திலும் வரிசையாக ஒவ்வொரு கடைக்காரருக்கும் ஒரு சின்ன இடம், ஒரு மேசைப்பெட்டி, பின்னால் இரும்புப் பெட்டி. தரையில் உட்கார்ந்துதான் வரவு செலவு. ஊரிலிருந்து குடும்பத்தைக் கூட்டி வரமாட்டார்கள், மேலாளும் அடுத்தாளும் பெட்டியடிப் பையனும் மூன்று வருடக் கணக்கில் வந்து போவார்கள், பின்கட்டில் பொதுச் சமையல். இங்கே அந்தக் கூடத்தைத் தடுப்பு எதுவும் போடாமல் அப்படியே உட்கார்கிற இடமாக விட்டிருக்கிறார்கள். ஓர் ஓரத்தில் இரண்டு மேசைப்பெட்டி, பழைய இரும்புப் பெட்டி ஒன்று, மற்றபடி நீளமான மர வாங்குகள், ஓர் அலமாரியில் தமிழ், மலாய், சீனப் பத்திரிகைகள். இசை இல்லை. நான் பார்த்த ஹோட்டல் கூடங்களில் இவ்வளவு அடக்கமான ஒன்றைப் பார்த்ததில்லை.

அம்மா வாசற்படியிலேயே நின்றுவிட்டார். குனிந்து செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். கவுண்டரில் இருந்த தமிழ்ப் பிள்ளை ஓடி வந்து, "பாட்டி, செருப்போடயே வாங்க, பரவால்ல" என்றது. அம்மா கேட்கவில்லை. "இது செட்டியார் வீடும்மா. எங்கப்பா இங்கதான் நிப்பாரு" என்று ஐந்தடியைக் காட்டினார்.

தாத்தா தோட்டத்தில் தண்டல், அதாவது வேலையாட்களை மேற்பார்க்கிறவர். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கினவர்கள் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள், துண்டாடல் என்று இன்றைக்கும் கிழவர்கள் அந்தச் சொல்லைச் சொன்னால் முகம் மாறிவிடும். அதைச் சமாளிக்கத்தான் மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவராக இருந்த சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளிகளிடமிருந்து பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டம் வாங்கினார். தாத்தா அதிலும் சேர்ந்தார், அது போதாது என்று தலைக்கு மேலே சொந்தக் கூரை வேண்டுமென்று ஊர் ஓரத்தில் ஒரு துண்டு நிலம் வாங்க இந்தக் கிட்டங்கியில் கடன் எடுத்தார். சம்பள நாளுக்கு மறுநாள் அம்மாவைக் கையில் பிடித்துக்கொண்டு வட்டி கட்ட வருவாராம். தாத்தா மட்டும் உள்ளே போய் நின்றுகொண்டே கட்டிவிட்டு வருவார், அம்மா ஐந்தடித் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பொம்பளைப் பிள்ளைகள் உள்ளே போகக்கூடாது என்று யாராவது சொன்னார்களா என்று கேட்டேன். யாரும் சொல்லவில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை என்றார். அறுபத்தைந்து வருடம் கழித்து அன்றைக்குத்தான் அந்தப் படியைத் தாண்டினார். மேசைப்பெட்டிக்குப் பக்கத்து வாங்கில் உட்கார்ந்து, செருப்பை அடியில் ஒழுங்காக வைத்துவிட்டு, கூடத்தின் கடைசி வரைக்கும் பார்த்தார். "இம்புட்டு நீளமா?" என்றார். அவ்வளவுதான்.

இதே கூடத்தின் பின் சுவரில்தான் எனக்கு மனம் வருந்திய விஷயமும் இருக்கிறது. தோட்டத்துச் சாமான்களை வரிசையாக மாட்டியிருக்கிறார்கள்: பால் வெட்டுகிற உளி, மரத்துப் பால் வடிகிற மங்கு, தலையில் கட்டுகிற விளக்கு, தோளில் வைத்துத் தூக்குகிற ஒரு காண்டாக் கம்பும் இரண்டு வாளியும். அழகாகத்தான் மாட்டியிருக்கிறார்கள், விளக்கு போட்டு. கீழே மலாயிலும் ஆங்கிலத்திலும் சின்ன அட்டை. காண்டா வாளிக்கு என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? வீடு வீடாக மாட்டுப்பால் விற்றவர்கள் பயன்படுத்திய வாளி. யாரோ ஒரு தமிழரிடம் கேட்டிருப்பார்கள், அவர் பால் வாளி என்று சொல்லியிருப்பார், எழுதினவர் அப்படியே எழுதிவிட்டார். அம்மாவின் வலது தோளில் இன்றைக்கும் ஒரு தழும்பு மேடு இருக்கிறது, அந்தக் கம்பு வைத்த இடம். குளிர்ச்சியில்தான் கித்தாப் பால், அதாவது ரப்பர் பால், நன்றாக இறங்கும் என்பதால் விடியற்காலை இருட்டில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்கு நின்று, தலைவிளக்கோடு மரத்துக்கு மரம் ஓடி வெட்டி, வெயில் ஏறியதும் மங்கு மங்காக வாளியில் சேர்த்து, இரண்டு பக்கமும் நிறைந்த வாளியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஸ்டோர் வரைக்கும் நடப்பார்கள். வயிற்றுப் பிள்ளையோடு நடந்தவர்கள் எத்தனை பேர். 1926 என்று நெற்றியில் எழுதிய சுவருக்கும் இந்த வாளிக்கும் உள்ள சம்பந்தத்தை அந்தக் கூடம் எங்கேயும் சொல்லவில்லை. செட்டியார் எப்படி உட்கார்ந்தார் என்று அட்டை இருக்கிறது, தவுக்கே எந்த ஊரிலிருந்து வந்தார் என்று அட்டை இருக்கிறது. தமிழில் ஓர் எழுத்துக் கூட இல்லை, ஊரில் பாதிப் பேர் தமிழ் பேசுகிறார்கள்.

ஐந்தடிக்கு வருகிறேன். கடைவீட்டுக்கு முன்னால் மாடிக்கு அடியில் வெயிலும் மழையும் படாமல் நடக்கிற வழி. 1822-இல் சிங்கப்பூருக்கு ராஃபிள்ஸ் போட்ட நகரத் திட்டத்திலேயே ஒவ்வொரு வீட்டுக்கு முன்னாலும் இப்படித் தொடர்ந்து மூடிய நடைபாதை வேண்டும் என்று இருக்கிறது, அப்புறம் மலாயா முழுக்க வந்துவிட்டது. வீட்டுக்காரரின் இடம்தான், ஆனால் நடக்கிற உரிமை ஊருக்கு. அதை அடைத்து வைப்பது 1974-ஆம் வருடச் சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படி குற்றமும் கூட. எத்தனையோ ஹோட்டல்கள் இந்த இடத்தில் பூந்தொட்டியும் கயிறும் கட்டித் தங்கள் வராந்தாவாக்கிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். இங்கே அப்படிச் செய்யவில்லை. சுவரோரம் மட்டும் ஒரு நீள வாங்கு, நடக்க முழு வழியும் விட்டிருக்கிறார்கள். நான் அங்கிருந்த இரண்டு நாளும் அந்த வாங்கில் ஹோட்டல் விருந்தாளிகளைவிட ஊர்க்காரர்கள்தான் அதிகம் உட்கார்ந்தார்கள். பஸ்ஸுக்குக் காத்திருக்கிற பள்ளிப் பிள்ளைகள், எதிர்க் கிளினிக்குக்கு வந்த மலாய்க்காரப் பாட்டி, சம்பளம் அனுப்ப வந்த வங்காளதேச இளைஞர்கள் மூன்று பேர். யாரையும் யாரும் எழுப்பவில்லை. வாங்குக்குப் பக்கத்தில் குடிதண்ணீர்ப் பானையும் குவளையும் வைத்திருக்கிறார்கள். புதுப்பித்ததில் செலவு குறைந்த பகுதி இதுதான் என்று முதலாளி சொன்னார், எனக்கு இதுதான் அந்த ஹோட்டலிலேயே சிறந்த பகுதி.

சாப்பாடு சாதாரணம். காலையில் நாசி லெமாக் நன்றாக இருந்தது, தோசை ஆறிப்போய் வந்தது, கோப்பி ஓ (பால் இல்லாத காப்பி) திடமாக இருக்கிறது. சாப்பாட்டுக் கூடத்தில் எதிரொலி அதிகம், பத்துப் பேர் பேசினால் நூறு பேர் போலக் கேட்கும். கூரையில் ஏதாவது துணி கட்டலாம். அப்புறம் ஒன்று, பக்கத்து ஐந்தாவது வீடு இன்னும் பறவைக்கூட்டு வீடுதான், குருவியை அழைக்க ஒலிபெருக்கியில் கிரீச் கிரீச் என்று பதிவு செய்த சத்தம் காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் ஓடுகிறது. ஹோட்டல்காரர் தப்பில்லை, ஆனாலும் தெரிந்துகொள்ளுங்கள். முதல் இரண்டு வீட்டு மாடியில் அறை கேட்டு வாங்கினால் அது கேட்காது.

இரண்டாம் நாள் காலையில் நான் குளித்துவிட்டு இறங்கி வந்தபோது அம்மா கிட்டங்கிக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் இன்னொரு பாட்டி. ஒரே பெரட்டில் நின்ற கூட்டாளியாம், இப்போது தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) மகன் வீட்டில் இருக்கிறார், பசாருக்கு வந்தவர் ஐந்தடியில் அம்மாவைப் பார்த்திருக்கிறார். கோப்பியை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் பேசினார்கள். நான் பணம் கட்டும்போது அந்த வாளி விஷயத்தை முதலாளியிடம் சொன்னேன். அவர் என்னிடம் மறுவார்த்தை பேசவில்லை, நேராக அம்மாவிடம் போய்க் குனிந்து, "பாட்டி, இதுக்கு பேர் என்ன, எப்படி எழுதணும்?" என்று தமிழிலேயே கேட்டார். அம்மாவுக்கு எழுதத் தெரியாது, சொல்லச் சொல்லக் கவுண்டர் பிள்ளை ரசீதுத் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டது. காண்டா வாளி. கித்தாப் பால் தூக்கினது. பொம்பளைங்களும் தூக்கினோம்.

தைப்பூசத்துக்கு ஊருக்குப் போகும்போது அது சுவரில் ஏறிவிட்டதா என்று பார்த்துவிட்டு வந்து இங்கேயே சேர்த்து எழுதுகிறேன்.